“நெற்போல் பெட்டையளின்ர விளையாட்டு” – ஓம், அதுக்கென்ன?

2022 செப்ரெம்பர் 11. அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பெற்றோல் வரிசை, கியூ.ஆர். கோட், கரண்ட் கட் என்று நாடே நொந்துபோயிருந்த வருடம். அன்றிரவு டுபாயில் இலங்கை கிரிக்கெட் அணி பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியது. எங்கட ஒழுங்கையிலும் யாரோ வெடி கொளுத்தினார்கள். பேஸ்புக் முழுக்க அந்தப் படம்தான்.

அதே நாளில் சிங்கப்பூரில் இன்னொரு இலங்கை அணியும் ஆசியச் சம்பியனானது. வலைப்பந்தாட்ட அணி. இறுதிப் போட்டியில் சிங்கப்பூர் அணியை, அவர்களின் சொந்த ஊரிலேயே வைத்து, 63–53 என்று வென்றார்கள். ஆசியக் கிண்ணம் அவர்களுக்குப் புதிதும் இல்லை. அது ஆறாவது தடவை.

அடுத்த நாள் எங்கட வட்சப் குறூப்பில் ஒருத்தி அந்தச் செய்தியைப் போட்டாள். முதலாவதாக வந்த பதில் இதுதான்: “நெற்போலா? அது பெட்டையளின்ர விளையாட்டெல்லோ.” கீழே நாலைந்து சிரிப்பு முகங்கள். சிரித்தவர்களில் எங்களில் சிலரும் இருந்தோம். அதை மறைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுதுவது சரியில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பிறகு ஒருநாள் இருந்து யோசித்தோம். ஏன் சிரித்தோம்? கேட்டால் எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான் இருந்தது. பந்தை வைத்துக்கொண்டு ஓட ஏலாது. நிலத்தில் தட்டிக்கொண்டு போக ஏலாது. எதிராளியைத் தொட ஏலாது. ஒவ்வொருவரும் தங்கட கோட்டைத் தாண்ட ஏலாது. வளையத்துக்குப் பின்னால் பலகைகூட இல்லை. “கூடைப்பந்தை எடுத்து, அதில இருக்கிற விறுவிறுப்பெல்லாத்தையும் கழிச்சுப்போட்டு, மிச்சத்தைப் பெட்டையளுக்குக் குடுத்திருக்கிறாங்கள்” என்றான் ஒரு நண்பன். கேட்க நியாயம்போலத்தான் இருந்தது. ஆனால் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தபோது, அந்தப் பேச்சில் பாதி பிழை, மற்றப் பாதி நாங்கள் நினைத்ததைவிடப் பாரதூரமானது என்று விளங்கியது.

முதலில் பிழையான பாதி.

1891 டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்காரர், குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் அலுத்துப்போயிருந்த மாணவர்களுக்காக ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். பீச் பழம் போடும் இரண்டு கூடைகளை உள்ளரங்கின் மேல்மாடக் கம்பியில், பத்து அடி உயரத்தில் அடித்தார். கையில் இருந்த உதைபந்தை எடுத்தார். பதின்மூன்று விதிகளை எழுதினார். அந்த விதிகளில் முக்கியமான ஒன்று, பந்தைப் பிடித்தவர் அதோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்தில் நின்றே எறிய வேண்டும் என்பது. கூடைப்பந்து பிறந்தபோது அதில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது இருக்கவில்லை. அது பின்னால் வந்து சேர்ந்தது. பின்பலகையும் அப்படித்தான். மேல்மாடத்தில் நின்று பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டதால், அதை மறைக்கத்தான் பலகை வந்தது.

ஆக, பந்தோடு ஓட ஏலாது என்பது பெண்களுக்காகக் குறைத்துக் கொடுத்த ஒன்றில்லை. அது ஆண்களுக்காக எழுதப்பட்ட முதல் விதிகளில் ஒன்று. கூடைப்பந்து அதைக் கைவிட்டது, வலைப்பந்து வைத்துக்கொண்டது. அந்த வகையில் பார்த்தால் நைஸ்மித் எழுதிய விளையாட்டுக்குக் கிட்ட நிற்பது எங்கட பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடுகிற நெற்போல்தான்.

இனி மற்றப் பாதி. கோடுகள்.

நைஸ்மித்தின் விளையாட்டைப் பற்றி வாசித்த செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை, பக்கத்து ஊரில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியில் அதைத் தன் மாணவிகளுக்குப் பழக்கினார். 1893 மார்ச்சில் அங்கே நடந்த போட்டியைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இருக்கவில்லை. பெண்கள் ஓடி, பாய்ந்து, முட்டி மோதுவதை ஊர் ஏற்காது என்பது பெரென்சனுக்குத் தெரியும். அதிகம் ஓடினால் பெண்ணின் உடம்பு தாங்காது என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம். எனவே மைதானத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். அவரவர் பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும். மற்றவரின் கையில் இருக்கும் பந்தைப் பறிக்கக்கூடாது. மூன்று செக்கனுக்கு மேல் பந்தை வைத்திருக்கக்கூடாது.

கோடுகளைப் பற்றி இன்னொரு கதையும் சொல்லப்படுவதுண்டு. நியூ ஓர்லியன்ஸில் கிளாரா பெயர் என்ற ஆசிரியை, நைஸ்மித்திடம் விதிகளைக் கேட்டு வாங்கினார். கூடவே வந்த வரைபடத்தில் யார் எங்கே நின்றால் நல்லது என்று காட்டப் புள்ளிக்கோடுகள் போடப்பட்டிருந்தன. அவற்றைத் தாண்டக்கூடாத எல்லைகள் என்று அவர் விளங்கிக்கொண்டாராம். யோசனையாகக் காட்டியது கட்டளையாகிவிட்டது. பெண்களுக்குப் போடப்பட்ட எத்தனையோ கோடுகள் இப்படித்தான் வந்திருக்கும்போல.

இங்கிலாந்துக்கு இந்த விளையாட்டு 1890களின் நடுப்பகுதியில் போனது. மார்ட்டினா பெர்க்மன்–ஒஸ்ரர்பேர்க் என்ற சுவீடன் நாட்டுப் பெண்மணி, பெண்களை உடற்பயிற்சி ஆசிரியைகளாக்கும் ஒரு கல்லூரியை அங்கே நடத்திவந்தார். அங்கேதான் கூடை போய் வளையமும் வலையும் வந்தன, பெயரும் வலைப்பந்து ஆனது. அந்தக் காலப் பெண்களின் உடுப்பை யோசித்துப் பாருங்கள். கணுக்கால்வரை பாவாடை, ஊதிய கை. அதோடு புல்வெளியில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது எப்படி? விதிகள் அந்த உடுப்புக்கேற்ப வளர்ந்தன. 1901இல் அச்சிலும் வந்தன.

இந்த விளையாட்டு இங்கிலாந்தின் பெண்கள் பள்ளிக்கூடங்களில் மளமளவென்று பரவியதற்கு ஒரு காரணம், அது அடக்கமாகத் தெரிந்தது. தொடுகை இல்லை, மோதல் இல்லை, ஒவ்வொருத்தியும் தன் எல்லைக்குள். பெரியவர்களுக்குப் பயமில்லை. அடக்கமாகத் தெரியாத விளையாட்டை விளையாடிய பெண்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரெஸ்ரன் நகரில் குண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் டிக், கேர் லேடீஸ் என்று ஓர் உதைபந்தாட்ட அணியைக் கட்டினார்கள். 1920 டிசெம்பர் 26ஆம் திகதி லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடிய போட்டியைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் வெளியே இன்னும் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். சேர்ந்த காசு காயப்பட்ட படைவீரர்களுக்கும் அவர்களைப்போன்ற மற்றவர்களுக்கும் போனது. ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. 1921 டிசெம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், தன்னோடு இணைந்த எந்தக் கழகத்தின் மைதானத்திலும் பெண்கள் விளையாட விடக்கூடாது என்று தீர்மானித்தது. இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருத்தமில்லையாம். அரை நூற்றாண்டுக்கு அந்தத் தடை நீடித்தது. பிரேசிலில் 1941இல் சட்டமாகவே போட்டார்கள், 1979வரை எடுக்கவில்லை.

கவனியுங்கள். பெண்கள் பந்தை உதைக்கக்கூடாது என்று இங்கிலாந்தில் யாரும் சட்டம் போடவில்லை. மைதானத்தைத்தான் பூட்டினார்கள். அது போதுமாக இருந்தது.

அப்போ வலைப்பந்து என்பது பெண்களை அடக்கிவைக்கக் கொடுத்த விளையாட்டா? தொடக்கத்தில் ஓரளவுக்கு அப்படித்தான். ஆனால் கொடுத்தவர்கள் நினைத்ததை வைத்து ஒரு விளையாட்டை எடை போட முடியாது. வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

விதிகளை ஒருக்கால் மைதானத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு பேர். மையத்தில் விளையாடும் சென்ரர் இரண்டு கோல் வட்டங்களையும் தவிர எங்கும் போகலாம், மற்ற ஆறு பேருக்கும் அதைவிடக் குறைந்த எல்லை. கோல் போடக்கூடியவர்கள் ஜீ.எஸ்., ஜீ.ஏ. என்ற இரண்டே பேர். மைதானத்தின் மூன்று பகுதிகளில் ஒன்றையேனும் தொடாமல் மேலாகப் பந்தை எறிந்துவிட ஏலாது. கையில் மூன்று செக்கன்தான். தடுப்பவர் மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும். இந்த விதிகள் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை என்ன தெரியுமா? தனியாக ஒருத்தி வெல்லவே முடியாது. கிரிக்கெட்டில் ஒருவர் நூறு அடித்து மற்றப் பத்துப் பேரையும் காப்பாற்றலாம். உதைபந்தில் ஒருவர் நாலு பேரை வெட்டிக்கொண்டு போய் கோல் போடலாம். இங்கே அது நடக்காது. பந்து வருவதற்கு முன்பே யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்திருக்க வேண்டும். பந்து கையில் இல்லாத ஆறு பேரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் வைத்திருப்பவளுக்கு ஓடும் உரிமை இல்லை.

வளையம் பத்து அடி உயரம், உள்விட்டம் பதினைந்து அங்குலம். கூடைப்பந்து வளையத்தைவிடச் சின்னது. பின்னால் பலகை இல்லை, பட்டுத் தெறித்து விழும் அதிர்ஷ்டமும் இல்லை. கைக்கு முன்னால் ஒருத்தி தன் கையை விரித்துக்கொண்டு நிற்க, அதற்கு மேலாக வளைத்துப் போட வேண்டும். முழு வேகத்தில் ஓடி வந்து, பாய்ந்து பந்தைப் பிடித்து, பிடித்த காலிலேயே சடாரென்று நிற்க வேண்டும். உலகமெங்கும் வலைப்பந்து வீராங்கனைகளுக்கு முழங்கால் சவ்வு கிழிவது சாதாரணமாக நடக்கிறது. மென்மையான விளையாட்டு என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் கோட்டுக்குள் இறங்கி நின்று பார்க்கலாம். நாங்கள் இறங்கினோம். எட்டாவது நிமிடத்தில் எங்களில் இரண்டு பெடியள் மரத்தடியில் இருந்தார்கள்.

கோட்டுக்கு வெளியேயும் ஒன்று நடந்தது. ஆண்கள் இந்த விளையாட்டைத் தங்களுடையதாக எடுக்கவில்லை. அதனாலேயே அதை நடத்தும் பொறுப்பு பெண்களிடம் வந்தது. சங்கத் தலைவி, செயலாளர், பயிற்றுநர், நடுவர், விதி எழுதுபவர் எல்லாரும் பெண்கள். ஒரு குழு விளையாட்டை உலகளவில் பெண்களே கட்டி, பெண்களே நடத்தியது பெரிய விசயம். வேறு பெரிய பந்து விளையாட்டு எதற்கும் இந்தக் கதை இல்லை.

அந்தக் கதையில் எங்கட நாட்டுக்கும் ஒரு இடம் இருக்கிறது. பிரித்தானிய ஆட்சியோடும் பெண்கள் பள்ளிக்கூடங்களோடும் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், இலங்கை என்று இந்த விளையாட்டுப் போனது. போன இடமெல்லாம் விதி வேறு. சில இடத்தில் ஏழு பேர், சில இடத்தில் ஒன்பது பேர். ஒரு நாட்டோடு இன்னொரு நாடு விளையாடுவதென்றால் முதலில் எந்த விதி என்று பேச வேண்டும். இதைத் தீர்க்க 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, எல்லாருக்கும் பொதுவான விதிகளை ஆக்கினார்கள். கூடிய இடம் இலங்கை. இன்று ஜமேக்காவிலும் மலாவியிலும் விளையாடப்படும் வலைப்பந்தின் பொது விதிகள் உருவானது எங்கட மண்ணில். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ணில் முதலாவது உலகச் சுற்றுப்போட்டி நடந்தபோது பங்குபற்றிய பதினொரு அணிகளில் இலங்கையும் ஒன்று. 1996இல் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்றதை எங்களுக்குப் பாடம்போல ஒப்புவிக்கத் தெரியும். இதை எத்தனை பேருக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்?

உலகத்தில் இந்த விளையாட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மலாவியும் உகண்டாவும் பணக்கார நாடுகள் இல்லை, ஆனால் உலகத்தின் முதல் பத்து அணிகளுக்குள் நிற்கின்றன. ஜமேக்கா 2022 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றது. 2023இல் உலகக் கிண்ணம் முதல் தடவையாக ஆபிரிக்காவில், கேப் டவுனில் நடந்தது. அந்தக் கிண்ணத்தை வென்ற அவுஸ்திரேலிய வீராங்கனைகள் திரும்பி வந்து கொஞ்ச நாளிலேயே, புதிய ஒப்பந்தம் இல்லாமல் வாரக்கணக்கில் சம்பளமின்றி இருந்தார்கள். விளையாட்டு சம்பாதிக்கும் வருமானத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்பது அவர்களின் கேள்வி. விட்டுக்கொடுக்காமல் நின்று, ஆண்டு முடிவதற்குள் அந்த ஏற்பாட்டோடு ஒப்பந்தம் போட்டார்கள். அடக்கமான விளையாட்டு என்று கொடுக்கப்பட்டது இப்போது இங்கே வந்து நிற்கிறது. ஆனாலும் ஒலிம்பிக்கில் வலைப்பந்து இன்றுவரை ஒரு தடவைகூட விளையாடப்படவில்லை.

சரி, எங்கட ஊருக்கு வருவோம்.

தர்ஜினி சிவலிங்கத்தைத் தெரியாதவர்கள் இதை வாசிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஆறடிக்கு மேல் எட்டுப் பத்து அங்குலம் உயரம். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றபோது அணியில் இருந்தவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும்விடக் கூடுதலான கோல்களைப் போட்டவர். ஒரு உலகக் கிண்ணத்தில் ஆகக் கூடுதல் கோல் போட்டவர் தமிழ் ஆள் என்று வேறு எந்தப் பந்து விளையாட்டில் சொல்லலாம், யோசித்துப் பாருங்கள். அதே திறமையோடு அவர் ஒரு கிரிக்கெட் வீரராக இருந்திருந்தால் எங்கட சந்திகளில் எத்தனை கட்டவுட் நின்றிருக்கும்?

தர்ஜினியைக் காட்டி “பாருங்கோ, எங்கட பிள்ளையளும் வரலாம்தானே” என்று சொல்வது லேசு. நாங்கள் பயப்படுவதும் அந்த வசனத்துக்குத்தான். ஒரு ஆள் வந்துவிட்டால் பாதை திறந்துதான் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். வராதவர்களைப் பற்றிப் பேசமாட்டோம்.

எங்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஜீ.ஏ. விளையாடியவள். வலய மட்டம் தாண்டி மாகாண மட்டம்வரை போனாள். பன்னிரண்டு வயதில் அம்மா தானே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டவ. பதினைந்தில் மாமி கேட்டா, “இன்னும் இந்தக் கட்டைப் பாவாடையோட ஓடித் திரியப்போறியோ?” பதினாறில் ஓ/எல். “இந்த வருசம் ஒருக்கா விடு, சோதினை முடிய விளையாடலாம்” என்றார்கள். சோதினை முடிந்தது, ஏ/எல் வந்தது, பின்னேரம் முழுக்க ரியூசன். பிறகு வேலை. யாரும் அவளை விளையாடாதே என்று தடுக்கவில்லை. அதுதான் இதில் உள்ள விசயம். ஒருநாளும் ஒருவரும் தடுக்காமலே விளையாட்டு முடிந்துபோனது.

இப்போது அவளுக்கு இருபத்தாறு. வேலை முடிந்து ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவாள். வீட்டுக்கு முன்னால்தான் ஊர் மைதானம். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த பெடியள் இன்னும் அங்கே விளையாடுகிறார்கள். அவர்களில் ஒருவரும் மாகாண மட்டம் போனவர்கள் இல்லை. கல்யாணம் முடித்தவர்கள், வண்டி வைத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள் எல்லாரும் இறங்குகிறார்கள். அவள் படலையில் நின்று பார்க்கிறாள்.

பிரச்சினை திறமை இல்லை. விளையாட்டும் இல்லை. பள்ளிக்கூடப் படலைக்கு வெளியே அந்த விளையாட்டுக்கு ஒரு அடி நிலம் இல்லை. ஒரு பெடியன் பள்ளிக்கூடம் விட்டால் அவனுக்கு ஊர் விளையாட்டுக் கழகம் இருக்கிறது. கழகத்துக்கு மைதானம், சேட், சுற்றுப்போட்டி, புலம்பெயர்ந்த அண்ணன்மார் அனுப்பும் காசு எல்லாம் இருக்கிறது. பிள்ளைக்கு என்ன இருக்கிறது? தேசிய அணிக்கு வருகிறவர்களில் பலர் வங்கிகளின், பெரிய நிறுவனங்களின், படைகளின் அணிகளில் விளையாடுகிறவர்கள். அந்த வாசல்கள் எங்கட ஊர்ப் பிள்ளைக்கு எவ்வளவு தூரம் என்று விளக்கத் தேவையில்லை.

சித்திரை விளையாட்டு விழாவின் நோட்டீசை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். ஆண்களுக்கு உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், மென்பந்து கிரிக்கெட். கிண்ணமும் உண்டு, காசுப் பரிசும் உண்டு. பெண்களுக்கு தேசிக்காய் ஓட்டம், சங்கீதக் கதிரை, தேங்காய் துருவுதல். மாகாண மட்டம்வரை விளையாடிய ஒருத்திக்கு இருபத்தாறு வயதில் ஊர் கொடுக்கிற போட்டி தேங்காய் துருவுதல். பரிசு பிளாஸ்ரிக் வாளி. நாங்கள் பகிடிக்குச் சொல்லவில்லை. போன விழாவில் அவள் வென்ற வாளி வீட்டுக் கிணற்றடியில் இருக்கிறது.

இங்கே சிலர் வேறொரு கேள்வி கேட்பார்கள். வெள்ளைக்காரன் பாவாடைக்கேற்ப எழுதிக் கொடுத்த விளையாட்டை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? பிள்ளைகள் உதைபந்தும் கிரிக்கெட்டும் விளையாடட்டுமே. விளையாடட்டும். வடக்கில் உதைபந்து உதைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றித் தனியாக எழுதவே வேண்டும். ஆனால் ஆண்களின் விளையாட்டை விளையாடினால்தான் பெண் முன்னேறினாள் என்று நினைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெண்கள் அறுபது, எழுபது வருடமாக இந்த மண்ணில் கட்டி வளர்த்த ஒன்றை, பெண்கள் கட்டியது என்பதாலேயே சின்னதாகப் பார்க்கிற பழைய பார்வை அதற்குள் ஒளிந்திருக்கிறது. எங்கட அம்மாமாரில் எத்தனையோ பேர் நெற்போல் விளையாடியவர்கள். கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் விளையாடினா என்று உடனே சொல்லுவா. சென்ரர், டபிள்யூ.டி., ஜீ.கே. முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்த இடம் மறக்காது. நாங்கள் கேட்டபோது ஒரு அம்மா அடுப்படியில் நின்றபடியே கையைத் தூக்கிக் காட்டினா. இன்னொருவர், “இப்ப ஏன் கேக்கிறியள்?” என்று சிரித்துவிட்டு, தன் அணியில் இருந்த ஏழு பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்னா.

அதனால் நாங்கள் கேட்பது பெரிய விசயம் ஒன்றும் இல்லை. அமைச்சுக்கும் மாகாண சபைக்கும் கடிதம் எழுதுகிறவர்கள் எழுதட்டும். நாங்கள் எங்கட கழகங்களைக் கேட்கிறோம், ஏனென்றால் அந்தக் கழகங்களில் இருப்பதும் நாங்கள்தான்.

வலைப்பந்துக் கோட்டுக்கு நூறு அடி நீளமும் ஐம்பது அடி அகலமும் போதும். உதைபந்து மைதானத்தின் ஒரு மூலை. இரண்டு இரும்புக் குழாய், இரண்டு வளையம். ஊர் வெல்டிங் கடையில் ஒரு பின்னேரத்து வேலை. கோடு போடச் சுண்ணாம்பு. இது முதலாவது.

இரண்டாவது நேரம். கிழமையில் இரண்டு பின்னேரம் அந்த மூலை பிள்ளைகளுக்கு. “வந்தா விளையாடலாம்தானே, ஆர் வேண்டாம் எண்டது?” என்ற பதில் காணாது. மைதானம் முழுக்கப் பெடியள் நிற்கும்போது எந்தப் பிள்ளையும் தானாக வந்து இறங்காது. நேரம் ஒதுக்கி, அதை ஊருக்கு அறிவிக்க வேண்டும். இருட்ட முதல் முடிகிற நேரமாக இருக்க வேண்டும், அல்லது ஒரு லைற் போட வேண்டும். காற்சட்டையோ நீளக் காற்சட்டையோ, எதைப் போட்டு விளையாடுவது என்று விளையாடுகிறவர்களே முடிவெடுக்கட்டும். வேலியில் சாய்ந்து நின்று பகிடி விடுகிறவனைக் கூப்பிட்டுப் பேச வேண்டியது கழகத்துப் பெடியளின் வேலை, விளையாடும் பிள்ளையின் வேலையில்லை.

மூன்றாவது, வாற சித்திரை விழாவின் நோட்டீசில் பெண்களுக்கான திறந்த வலைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி. வயதுக் கட்டுப்பாடு இல்லாமல். கல்யாணம் முடித்தவர்களும் முடிக்காதவர்களும், அம்மாவும் மகளும் ஒரே அணியில் இறங்கலாம். பெடியளுக்குக் கொடுக்கிற அதே கிண்ணம், அதே காசு. வாளி வேண்டாம்.

நூறு வருடத்துக்கு முன்னர் இங்கிலாந்தில் மைதானத்தைப் பூட்டத் தீர்மானம் போட வேண்டியிருந்தது. எங்கட ஊர்களில் தீர்மானம்கூடத் தேவைப்படவில்லை, பூட்டும் தேவைப்படவில்லை. மைதானம் திறந்துதான் கிடக்கிறது, ஆனால் பாதிப் பேருக்கு உள்ளே போகும் வழி இல்லை.

அந்த வட்சப் குறூப்புக்கு நாங்கள் இன்னும் பதில் போடவில்லை. இப்போது போடுகிறோம். ஓம், நெற்போல் பெட்டையளின்ர விளையாட்டுத்தான். அப்ப பெட்டையளுக்கு விளையாட ஒரு கிறவுண்ட் தாங்கோ.